லில்லோவைப் படம் போட்டுக் கொன்ற கதை

மெல்கியோரே செத்தது அவனுடைய சொந்த அண்ணன் காய்ச்சிய சாராயத்தைக் குடித்து. புரூக்ளினில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். ஞானஸ்நான விருந்து ஒன்றில், பட்டப்பகலில், மூன்றாவது கோப்பையை இறக்கியவன், "விளக்கப் போடுங்கடா, ஏன் இப்படி இருட்டா வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. யாரோ மரியாதைக்காக எழுந்துபோய் விளக்கைப் போட்டார்கள். "இன்னும் போடுங்கடா" என்றான். அதோடு தட்டின் மேல் சாய்ந்துவிட்டான்.

மதுவிலக்கு வந்த பிறகு இந்த மாதிரிச் சாவு எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. கெட்ட சாராயம் முதலில் கண்ணை எடுக்கும், பிறகு ஆளை எடுக்கும். சாதாரண மனிதன் செத்தால் நெஞ்சுவலி என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். மெல்கியோரே சாதாரண மனிதன் இல்லையே. டான் ஒனோஃப்ரியோவின் தம்பி. புரூக்ளினில் பாதிப் பேர் குடிப்பது டான் ஒனோஃப்ரியோவின் சரக்கு. அவர் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தது என்றால் நெஞ்சுவலிக்கே அவமானம்.

செத்த மறுநாள் ஏழு வீட்டுச் சபை கூடியது. எங்கள் ஊரில் சாராயம் காய்ச்சும் ஏழு குடும்பங்களுக்கும் அதுதான் நீதிமன்றம், சட்டசபை, குருமடம் எல்லாம். ஒரு சவப்பெட்டிக் கடையின் பின்னறையில் கூடுவார்கள். வேறு எங்கே கூடினாலும் ஒட்டுக்கேட்க ஆள் இருக்கும், அந்தக் கடை வாடிக்கையாளர்களால் அந்தத் தொல்லை கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொல்லி ஆள் வந்தது. எனக்கும் சாராயத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான் கஸ்பாரே, கார்ட்டூன் வரைகிறவன். பூனை ரயிலில் அடிபட்டு அப்பளமாகும், பிறகு உதறிக்கொண்டு எழுந்து ஓடும், அது என் வேலை.

சபைத் தலைவர் டான் எராஸ்மோ, விதிமுறை என்றால் உயிரை விடுகிறவர். மற்றவர்கள் உயிரையும் விடவைப்பவர். எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நம்ம சரக்கு நல்ல சரக்கு. இது போன வருஷமே சபையில போட்ட தீர்மானம். நல்ல சரக்கக் குடிச்சு எவனும் சாகமாட்டான். மெல்கியோரே குடிச்சான், செத்தான். அப்ப என்ன அர்த்தம்? எவனோ கொன்னிருக்கான்."

எல்லோரும் தொப்பியைக் கழற்றி இந்த அறிவை ஏற்றுக்கொண்டார்கள்.

"எவன்?" என்று டான் ஒனோஃப்ரியோ கேட்டார். கண்கள் சிவந்திருந்தன. தம்பி மேல் நிஜமாகவே பாசம் உள்ளவர்தான், அதை நான் மறுக்கமாட்டேன்.

"கோப்பைய யாரு கைல கொடுத்தது?" என்றார் டான் எராஸ்மோ.

கோப்பையைக் கொடுத்தவன் லில்லோ. விருந்து மண்டபத்தில் பரிமாறுகிறவன், என் தங்கை என்ஸாவின் புருஷன், ஈ உட்கார்ந்தால்கூட மன்னிப்புக் கேட்டு விரட்டுகிறவன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை ஏழு பேரும் கைதூக்கி நிறைவேற்றினார்கள்.

"அப்ப அவனை முடிச்சிடலாம்" என்றார் டான் ஒனோஃப்ரியோ.

"முடியாது" என்றார் டான் எராஸ்மோ. "ஈஸ்டர் வரைக்கும் யாரும் யாரையும் சுடக்கூடாதுன்னு தீர்மானம் இருக்கு. சத்தம் கேட்டா பத்திரிகைக்காரன் வர்றான், அவன் வந்தா போலீஸ் வெக்கப்பட்டு நம்மளப் பிடிக்கவேண்டியதா போகுது."

"என் தம்பி செத்திருக்கான்! பழி வாங்கலேன்னா நான் எப்படித் தெருவுல நடப்பேன்?"

"பழி வாங்கியே ஆகணும். அதுவும் தீர்மானம்தான். ஊரே பார்க்க வாங்கணும். ஆனா சுடக்கூடாது."

சபை தலையைச் சொறிந்தது. டான் எராஸ்மோ என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பொண்ணோட அண்ணன். உன்னையும் ஒரு வார்த்த கேக்கணும்னு முறை இருக்கு. என்ன தொழில் பண்ற?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தப் பூனைய நீயா வரையுற? ரயில் ஏறி நசுங்குமே! போன வாரம்கூடப் பார்த்தேன். பூனை செத்துச்சுன்னு தியேட்டரே ஒத்துக்கிச்சு. ஒரு குண்டுச் சத்தம் வெளிய வந்துச்சா? இல்ல. ஒரு போலீஸ்காரன் வந்தானா? வந்தான், டிக்கெட் வாங்கிட்டு."

அப்படித்தான் அந்தத் தீர்மானம் பிறந்தது. டான் ஒனோஃப்ரியோ லில்லோவைப் பழிவாங்குவதை நான் கார்ட்டூனாக வரையவேண்டும். ஊரைக் கூட்டித் திரையில் காட்டவேண்டும். படம் முடிந்த நிமிஷத்திலிருந்து லில்லோ செத்தவன். செத்தவனுக்கு உண்டான மரியாதை எல்லாம் அவனுக்குக் கிடைக்கும், செத்தவன் மேல் யாரும் கைவைக்கக்கூடாது. என்ஸா கறுப்புடை உடுத்தவேண்டும். படம் ஊர் பார்த்து ஒத்துக்கொள்ளும்படி அமையாவிட்டால், ஈஸ்டருக்குப் பிறகு பழைய முறை.

"கொல்லுறதும் மச்சான் கையால, சொந்தத்துக்குள்ளயே முடிஞ்சிடும்" என்று ஒருவர் திருப்தியாகச் சொன்னார்.

அதுவரை லில்லோவை அதே சவப்பெட்டிக் கடையில் வைத்துக்கொண்டார்கள். சும்மா உட்காரப் பிடிக்காமல் அவன் பெட்டிக் கைப்பிடிகளை எல்லாம் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தான். என்ஸா மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவாள். நானும் கூடப் போனேன், அவன் முகத்தை வரைந்து எடுக்க.

"மச்சான், என்னை அந்தப் பழுப்புத் தொப்பியோட போடுங்க. கல்யாணத்துக்கு வாங்கினது."

"போடுறேன் மாப்ள."

"ரொம்ப வலிக்கிற மாதிரி வேண்டாம். எங்கம்மா பார்ப்பாங்க."

"இவரு காது கொஞ்சம் பெரிசு அண்ணா, அதையும் போடு" என்றாள் என்ஸா, சேமியாவை அவன் தட்டில் தள்ளியபடி. "குறைச்சுக் காட்டி வேற எவனோ செத்தான்னு ஆயிடப்போகுது. செத்தா இவருதான் சாகணும்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் தின்று முடிக்கும் வரை தட்டை விடவில்லை. நான் பார்த்தேன். அவள் என் ஒரே தங்கை. லில்லோவின் காதை வரையும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அழித்து மறுபடி வரைந்தேன்.

எங்கள் ஸ்டூடியோ முதலாளி பிளாட்னிக். யூதர், எதற்கும் தோளைக் குலுக்குகிறவர். இந்தச் சங்கதியைச் சொன்னதும் தோளைக் குலுக்கினார். "பூனைக்குப் பதில் புருஷன். தேதிக்கு முடிச்சிடுவியா?" என்றார். முடிப்பேன் என்றுதான் நினைத்தேன். முதல் படங்களைச் சுவரில் ஒட்டினேன். பார்க்க டான் ஒனோஃப்ரியோ வந்தார்.

"யாரு இது?"

"நீங்கதான் டான்."

"கைல என்ன?"

"துப்பாக்கி."

அவர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அந்த நேரத்துல நான் மாதா கோயில்ல இருந்தேன்."

"எந்த நேரத்துல டான்?"

"இந்த மாதிரி எந்த நேரத்துலயும்."

"இது வெறும் படம் டான்."

"படத்துலயும்தான்."

"பழி வாங்குறதே நீங்கதானே?"

"நான்தான் வாங்குறேன்! சத்தமாவே சொல்றேன், ஊருக்கே தெரியணும். ஆனா நான் அங்க இல்ல. பூசையில முழங்கால் போட்டிருந்தேன், பாதிரியார் சாட்சி. அதையும் வரை."

சரி, அவருக்குப் பதில் அவருடைய கையாள் ஒருவனை வரைந்தேன். சாயந்திரமே அவன் வந்து நின்றான். அவனும் மாதா கோயிலில் இருந்தானாம். காரோட்டியை வரைந்தேன். காரோட்டியும் கோயில். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் தாங்கள் பக்கத்தில்கூட இல்லை என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி, குற்றம் நடக்கும் இடத்தில் தாங்கள் இருக்கலாம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் என் படத்தில் மாதா கோயில் பிதுங்கி வழிந்தது. பாதிரியாருக்கே இடமில்லாமல் வாசலில் நின்று பூசை வைத்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. துப்பாக்கி மட்டும் தன்னந்தனியாக, அந்தரத்தில் மிதந்து, வழி விசாரித்துக்கொண்டு லில்லோவைத் தேடிப் போனது.

"நல்லாருக்கு" என்றார் டான் ஒனோஃப்ரியோ. "கௌரவமா இருக்கு."

சாகும்போது லில்லோ என்ன பேசவேண்டும் என்று சபை தனியாகக் கூடித் திருத்தம் அனுப்பியது. "ஐயோ" என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "கொன்றது நான்தான். சரக்கில் ஒரு குறையும் இல்லை. அருமையான சரக்கு. எல்லா வீட்டிலும் கிடைக்கும்" என்று போடச்சொன்னார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்தவன் இவ்வளவு பேசுவானா என்று கேட்டேன். சரக்கு அவ்வளவு தெம்பு கொடுக்கும் என்று பதில் வந்தது.

அடுத்து விரல். கார்ட்டூனில் நாங்கள் ஒரு கைக்கு நாலு விரல்தான் போடுவோம். அஞ்சு போட்டால் கை அசையும்போது வாழைப்பழச் சீப்பு மாதிரித் தெரியும், வரைகிறவன் கையும் ஒடியும். உலகத்துப் பூனை எலி எல்லாம் நாலு விரலோடு சௌக்கியமாக இருக்கின்றன. ஏழு டான்களும் படத்தை ஓட்டிப் பார்க்க வந்த அன்று, டான் எராஸ்மோ திரையில் ஜெபமாலை உருட்டும் தன் கையை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து கிட்டே போய் எண்ணினார்.

"நாலு" என்றார்.

அவர்கள் உலகத்தில் பொதுக் கிடங்கிலிருந்து பீப்பாய் திருடியவனுக்குத்தான் ஒரு விரலை எடுப்பார்கள். ஏழு பேரும் மற்ற ஆறு பேர் கைகளையும் எண்ணினார்கள். எல்லோருக்கும் நாலு. ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். என் கழுத்துக்குத்தான் ஆபத்து என்று நினைத்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மறுநாள் காலை முதலில் வந்தவர் டான் எராஸ்மோவே. கதவைச் சாத்திவிட்டு, "யாரு சொன்னா உனக்கு?" என்றார்.

"எதை டான்?"

"நடிக்காத. துறைமுகக் கிடங்கு விஷயத்த."

அவர் போனதும் இன்னொருவர் வந்தார். அவருக்கு வேறு கிடங்கு. மத்தியானத்துக்குள் ஏழு பேரும் தனித்தனியாக வந்து, நான் கேட்காமலே எல்லாத்தையும் கொட்டிவிட்டுப் போனார்கள். டான் ஒனோஃப்ரியோ திருடியது தன் சொந்தத் தம்பியின் பங்கை. சொல்லிவிட்டு அழுதார்.

பிளாட்னிக் வாசலில் நின்று இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா கஸ்பாரே, என் கடையில பாவசங்கீர்த்தனம் எப்ப ஆரம்பிச்ச? நான் யூதன்ப்பா, எங்க ஆளுங்க கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை போட்டுவிட்டேன். கையுறைக்குள் எத்தனை விரல் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்று சபையில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்தச் சபையில் அவ்வளவு வேகமாக நிறைவேறிய தீர்மானம் வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படம் காட்டினோம். மெல்கியோரே செத்த அதே விருந்து மண்டபம். ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் லில்லோ, சாகப்போகிறவன் என்பதால் அவனுக்கு நல்ல நாற்காலி. பக்கத்தில் கறுப்புடையில் என்ஸா. அவள் லில்லோவின் கையைப் பிடித்திருந்த பிடியில் அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன்.

மாதா கோயில் பிதுங்கும் காட்சி வரை எல்லோரும் பயபக்தியோடு பார்த்தார்கள். துப்பாக்கி அந்தரத்தில் நின்று ரொட்டிக்கடையில் வழி கேட்டபோது சமையல்காரி ஒருத்தி க்ளுக்கென்று சிரித்தாள். வாயைப் பொத்தினாள். அதற்குள் அடுத்தவளுக்குத் தொற்றிவிட்டது. லில்லோ மார்பைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அருமையான சரக்கு, எல்லா வீட்டிலும் கிடைக்கும்" என்று சொல்லிச் செத்தபோது மண்டபமே உருண்டு புரண்டது. டான் எராஸ்மோ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லில்லோவின் அம்மாகூடச் சிரித்துவிட்டு உடனே சிலுவை போட்டுக்கொண்டாள். டான் ஒனோஃப்ரியோ மட்டும் சிரிக்கவில்லை. இஞ்சி தின்ற குரங்கு மாதிரி இருந்தது அவர் முகம்.

டான் எராஸ்மோ எழுந்தார். "படம் முடிஞ்சது. ஊர் பார்த்தது. லில்லோ செத்தான். பழி தீர்ந்தது. இனி அவன் மேல யாரும் கைவைக்கக்கூடாது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சுவிட்டேன். அப்போது டான் ஒனோஃப்ரியோ மெதுவாக எழுந்தார்.

"தீர்மானத்துக்கு நான் கட்டுப்படுறேன். கைவைக்கமாட்டேன். மன்னிச்சிட்டேன்னே வச்சுக்குங்க. மன்னிச்சதுக்கு அடையாளமா, என் வீட்டுச் சரக்குல ஒரு கோப்பை அவன் குடிக்கட்டும்." கையைத் தட்டினார். இரண்டு பேர் ஒரு பீப்பாயை உருட்டிவந்தார்கள். "என் தம்பி கடைசியாக் குடிச்ச அதே பீப்பாய். அவன் ஞாபகமா யாரும் தொடாம வச்சிருந்தேன். நல்ல சரக்கு. தீர்மானமே இருக்கு."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. குடித்தால் சாவு. குடிக்கமாட்டேன் என்றால் டானின் சரக்கை விஷம் என்று ஊர் முன்னால் சொன்ன குற்றம், அதற்கும் சாவு. கோப்பையை நிரப்பி லில்லோவிடம் நீட்டினார்கள். அந்தப் பயல் பரிமாறிப் பழகியவன் அல்லவா, "நன்றிங்க டான்" என்று சொல்லிக் கையை நீட்டினான். நான் கத்த வாயெடுத்தேன்.

என்ஸா கோப்பையை நடுவில் வாங்கிவிட்டாள்.

"டான் எராஸ்மோ, ஒரு சந்தேகம். என் புருஷன் உயிரோட இருக்காரா, செத்துட்டாரா?"

"செத்துட்டாரும்மா. இப்பதானே சபையில சொன்னேன்."

"செத்தவங்க குடிக்கலாமா?"

டான் எராஸ்மோ யோசித்தார். விதி என்று வந்தால் தன் வீடு பற்றி எரிந்தாலும் யோசித்துத்தான் ஓடுவார். "முறை இல்லம்மா."

"செத்தவரு பேரச் சொல்லி இருக்கிறவங்கதானே குடிக்கணும்? அடக்கத்தன்னைக்கு அப்படித்தானே நம்ம சனங்க செய்யும்? செத்தவருக்கு உண்டான மரியாதை எல்லாம் உண்டுன்னு நீங்கதானே தீர்மானம் போட்டீங்க? எல்லாரும் குடிங்க. பழி வாங்கினவரு முதல்ல."

கோப்பையை டான் ஒனோஃப்ரியோவின் கையில் வைத்தாள்.

டான் எராஸ்மோ தன் விதிகளை ஒவ்வொன்றாகத் தலைக்குள் புரட்டுவது அவர் நெற்றியிலேயே தெரிந்தது. ஓட்டை ஒன்றும் கிடைக்கவில்லை. "முறை அதுதான்" என்றார். ஏழு கோப்பைகள் நிரம்பின. ஏழு பேரும் ஏந்திக்கொண்டு நின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. சொன்னால் சரக்கு கெட்ட சரக்கு, மெல்கியோரேயைக் கொன்றது அவன் அண்ணன். சொல்லாவிட்டால் குடிக்கவேண்டும்.

"முதல்ல ஒரு நிமிஷம் மௌனம்" என்றார் டான் எராஸ்மோ.

எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. யாரும் தலை நிமிரவில்லை. இறந்தவனுக்கு அவ்வளவு ஆழமான துக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தத் துக்கத்துக்கு நடுவே என்ஸா எழுந்து, லில்லோவின் கல்யாணத் தொப்பியை அவன் தலையில் வைத்து அழுத்தி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வெயிலில் இறங்கினாள். போகும்போது அவன் வழக்கம்போல மேஜையிலிருந்த காலித் தட்டுகளை எடுக்கப்போனான், அவள் ஒரு அடி போட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

நானும் படச்சுருளைச் சுற்றி எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். டான் ஒனோஃப்ரியோ. தலை குனிந்தபடியே, உதடு அசையாமல் பேசினார்.

"தம்பி, நாங்க ஏழு பேரும் குடிக்கிற மாதிரி ஒரு சின்னப் படம் போட்டுடேன்."

"போடலாம் டான்."

"கோப்பைய மட்டும் காட்டு."

"நீங்க?"

"அந்த நேரத்துல நான் மாதா கோயில்ல இருந்தேன்" என்றார் டான் ஒனோஃப்ரியோ.